இழப்பீடு: சொல்லும் உரிமையும்

மதுரை வட்டாரத்தில் 'நஷ்டஈடு' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோருக்கு நினைவு வருவது சாலை விபத்துக்கான 'கிளெய்ம் கேஸ்'. கொலை, ஆசிட் வீச்சு, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களுக்கு ஆளானவர்களுக்கும், அவர்களை நம்பி வாழ்ந்த குடும்பத்தினருக்கும் அரசே தர வேண்டிய தொகை ஒன்று உண்டு என்பதும், அதற்குரிய பெயர் 'இழப்பீடு' என்பதும் அந்த அளவுக்குப் பரவவில்லை.

இழப்பு, ஈடு என்னும் இரண்டும் சேர்ந்தது இழப்பீடு. 'இழ' என்னும் வினையிலிருந்து இழப்பு வந்தது. 'இடு' என்பதன் முதலெழுத்து நீண்டு ஈடு ஆயிற்று. கெடு கேடானதும் சுடு சூடானதும் இவ்வாறே. இலக்கணம் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. இடப்படுவது என்ற முதற்பொருளிலிருந்து, ஒன்றற்கு மாற்றாக வைக்கப்படுவது, நிகரானது என்ற பொருள்கள் கிளைத்தன. நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கும்போதும், 'ஈடு இணையற்ற' என்று ஒருவரைப் புகழும்போதும் வருவது இந்த ஈடுதான். 'காம்பென்சேஷன்' என்பதன் இலத்தீன் வேரும் ஒன்றை மற்றொன்றோடு சேர்த்து நிறுப்பதைக் குறிப்பதால், இழப்பீடு அதற்கு மிகப் பொருத்தமான தமிழ்ச்சொல்.

நஷ்டஈட்டின் முற்பாதி வடசொல். பொருள் ஒன்றே எனினும், நஷ்டம் வணிகக் கணக்கோடு ஒட்டிப்போன சொல். மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த தாயின் நிலையை நஷ்டம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நிவாரணம் வேறு. தடுத்தல், விலக்குதல் என்பது அதன் மூலப்பொருள். வெள்ளத்துக்கும் புயலுக்கும் வழங்கி வழங்கி, அரசு இரங்கிக் கொடுப்பது என்ற எண்ணம் அதில் ஏறிவிட்டது. இறுதி முடிவுக்கு முன்னர் அவசரத் தேவைக்குத் தரப்படும் தொகையை 'இடைக்கால நிவாரணம்' என்பது சரியே. முழுத் தொகையையும் அப்படி அழைத்தால், கேட்பவர் தம்மை இரப்பவராக எண்ணிக் கூசிப் பின்வாங்குகிறார்.

அரசு ஈடு செய்யும் கருத்து மதுரைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு வார்த்திகன் கதையைக் கூறுகிறது. பொய்க்குற்றம் சாட்டி அரசப் பணியாளர் அவனைச் சிறையிட, அவன் மனைவி கார்த்திகை கதறி அழ, ஐயை (கொற்றவை) கோயிலின் கதவு திறவாது நிற்க, காரணம் அறிந்த பாண்டியன் அவனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் அளித்துப் பொறுத்தருள வேண்டி நிலத்தில் விழுந்து வணங்கினான். அங்கே தவறு அரசின் ஆட்களுடையது. இன்றைய சட்டம் அதனினும் ஓரடி முன்னே செல்கிறது: யாரோ செய்த குற்றத்துக்கும் அரசு ஈடு செய்கிறது.

குற்றவாளியிடமிருந்து அபராதமாகப் பெற்றுத் தரும் வழி முன்பே இருந்தது. ஆனால் அவர் பிடிபட்டு, தண்டனை பெற்று, பணமும் உள்ளவராக இருந்தால்தான் அதனால் பயன். இக்குறையைப் போக்கவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357அ பிரிவு சேர்க்கப்பட்டு, 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது; அதன்படி தமிழ்நாடு 2013இல் தன் திட்டத்தை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல், அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு அந்த இடத்தில் உள்ளது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் விசாரணை நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை நடக்காத வழக்கிலும், பாதிக்கப்பட்டவர் தாமே, இலவசச் சட்ட உதவிக்கான அரசு அமைப்பாகிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 'கேஸ் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று உறவினர் சொல்லும் அறிவுரையைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை எண்ணியே இதனை அழுத்திச் சொல்கிறேன்.

பெண்களுக்கெனத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டம், உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையும், ஆசிட் வீச்சால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் வரையும் வரம்பு காட்டுகிறது.

மதுரை மாவட்டத்தவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களில் உள்ளவர்களுக்கு வட்டச் சட்டப்பணிகள் குழு வழிகாட்டும். 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவச் சான்று, இறப்பாயின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கையில் இருப்பது நல்லது. விண்ணப்பம் வந்தபின் ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடித்துத் தக்க தொகையை வழங்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. 'விக்டிம்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் 'குற்றத்துக்கு ஆளானோர்' என்பதே எனக்குப் பிடித்த தமிழாக்கம் என்றாலும், மனுவின் தலைப்பில் 'பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரும் விண்ணப்பம்' என்றே எழுதுக. அலுவலகத்தில் புழங்கும் பெயர் அதுவாதலால் மனு உரிய மேசைக்குத் தாமதமின்றிச் செல்லும்.