கம்பெனி போடப் போற இடத்துல கரண்டு: விளம்பரத்துல இருக்கறது என்ன, சட்டத்துல இருக்கறது என்ன

தொழில் தொடங்க எங்க மாநிலத்துக்கு வாங்கன்னு கூப்பிடுற எந்த புக்லெட்ட பிரிச்சாலும் தடையில்லா மின்சாரம், தாராளமா தண்ணின்னு பெருசா போட்டிருப்பாங்க. அது தப்பில்ல, தொழில் எப்பவும் கரண்டு இருக்கற பக்கம்தான் போயிருக்கு. 1880கள்லயே பாபநாசத்துல தாமிரபரணி விழுற வேகத்த நம்பி ஹார்வி மில்லு வந்துச்சு, 1932ல பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சப்புறம்தான் கோயம்புத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுங்க மளமளன்னு பெருகுச்சு. ஆனா புக்லெட்ல இருக்கறத காட்டி யார்கிட்டயும் நியாயம் கேக்க முடியாது. கேக்கறதுக்கு உங்க கைல இருக்கறது ரெண்டு: 2003 மின்சாரச் சட்டம், அப்புறம் 2020 டிசம்பர் கடைசில மத்திய அரசு கொண்டு வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள்.

முதல்ல அடிப்படை. சட்டத்தோட 43வது பிரிவுப்படி, ஒரு இடத்தோட ஓனரோ அங்க இருக்கறவரோ அப்ளை பண்ணா ஒரு மாசத்துக்குள்ள கரண்டு குடுத்தே ஆகணும், இது மின் வாரியம் பண்ற உபகாரம் இல்ல, அவங்க கடமை. குடுக்கலன்னா லேட் ஆகற ஒவ்வொரு நாளுக்கும் 1000 ரூபா வரைக்கும் அபராதம் போடலாம்னு அதே பிரிவுல இருக்கு. 2020 விதிகள் இந்த ஒரு மாசத்த இன்னும் சுருக்குச்சு, 2024ல வந்த திருத்தம் அதையும் சுருக்கி மெட்ரோ நகரத்துல 3 நாள், மத்த முனிசிபல் ஏரியாவுல 7 நாள், கிராமத்துல 15 நாள், மலைப்பாங்கான கிராமம்னா 30 நாள்னு ஆக்கிடுச்சு.

இத படிச்சிட்டு ஆஹா மூணே நாள்ல கரண்டான்னு சந்தோஷப்பட்டு நிலத்துக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. இங்கதான் பலரும் மாட்டறாங்க. இந்த நாள் கணக்கு எல்லாமே அப்ளிகேஷன் முழுசா இருந்து, கட்டவேண்டிய பணமும் கட்டினப்புறம்தான் ஓட ஆரம்பிக்கும், அதோட பக்கத்துல ஏற்கனவே லைன் இருந்து அதுல இருந்து இழுத்துக் குடுக்கற கேஸுக்குத்தான் பொருந்தும். உங்க இடத்துக்கு கரண்டு வர லைன நீட்டணும் இல்ல புதுசா சப்ஸ்டேஷனே கட்டணும்னா அந்த வேலை முடிஞ்ச உடனே, இல்லன்னா மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சொல்ற டைமுக்குள்ள குடுத்தா போதும்னு அதே 43வது பிரிவு சொல்லுது. அதாவது புக்லெட்ல மாநிலத்துக்கே உபரி மின்சாரம்னு போட்டிருந்தாலும், நீங்க பாத்து வெச்சிருக்கற நிலத்துக்கு கரண்டு குடுக்கற சப்ஸ்டேஷன்ல இடம் இல்லன்னா உங்களுக்கு மாசக்கணக்குல காத்திருப்புதான்.

அதனால நிலம் பேசறதுக்கு முன்னாடியே அந்த ஏரியா மின் வாரிய ஆபீஸுக்கு ஒரு நடை போயிடுங்க. எந்த சப்ஸ்டேஷன், எந்த ஃபீடர் (சப்ஸ்டேஷன்ல இருந்து ஏரியாவுக்கு கரண்டு கொண்டு வர்ற லைன்), அதுல இன்னும் எவ்வளவு லோடு தாங்கும், அதே ஃபீடர்ல விவசாய கனெக்ஷனும் இருக்கா இல்ல தொழிற்பேட்டைக்குன்னு தனியா ஓடுதா, இதையெல்லாம் கேளுங்க. வாய்வார்த்தையா சொல்றத நம்பி உக்காராம எழுதிக் குடுத்து பதில் வாங்கிக்கிட்டா நல்லது. அரசு தொழிற்பேட்டைக்குள்ள ப்ளாட் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பல பேர் அங்க போறதுக்கு இந்த தலைவலி குறையுதுங்கறது பெரிய காரணம், என்னைக் கேட்டா சின்ன யூனிட்டுக்கு அந்த விலை வித்தியாசம் குடுக்கலாம்.

செலவுன்னு பாத்தா, லைன் இழுக்கற நியாயமான செலவ உங்ககிட்ட வாங்க 46வது பிரிவு அனுமதிக்குது. ஆனா ஏற்கனவே கரண்டு இருக்கற ஏரியாவுல 150 கிலோவாட் வரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் வந்து பாத்து தனித்தனியா எஸ்டிமேட் போடக்கூடாது, லோடுக்கு ஏத்த மாதிரி முன்னாடியே நிர்ணயிச்ச ஒரே தொகைதான்னு 2020 விதி சொல்லுது. அதுக்கு மேல போனா எஸ்டிமேட் வரும், அப்ப கம்பம் எவ்வளவு கம்பி எவ்வளவுன்னு ஐட்டம் ஐட்டமா கேட்டு வாங்குங்க. செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு வருஷா வருஷம் வட்டி உண்டு, 47வது பிரிவு, பில்லுல கழிச்சிருக்காங்களான்னு பாத்துக்கோங்க.

பில்டிங் கட்டறதுக்கு தற்காலிக கனெக்ஷன் வேணும்னா அதே 2020 விதிகளுக்கு 2022ல வந்த திருத்தப்படி லைன், டிரான்ஸ்ஃபார்மர்னு எதையும் பலப்படுத்த வேண்டாத இடத்துல 48 மணி நேரத்துக்குள்ள, பலப்படுத்தணும்னா 7 நாளுக்குள்ள.

பழைய ஃபேக்டரிய ஏலத்துல எடுக்கறவங்க இத ரெண்டு தடவை படிங்க. பழைய ஓனர் கட்டாம விட்ட கரண்டு பில்லுக்கு நான் ஏன் பொறுப்புன்னு கேக்கறது நியாயமாத்தான் தெரியும், ஆனா மாநிலத்தோட சப்ளை விதிகள்ல அப்படி ஒரு நிபந்தனை இருந்தா அந்த பாக்கிய கட்டினாத்தான் புது கனெக்ஷன்னு மின் வாரியம் சொல்லலாம்னு 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. உள்ளது உள்ளபடின்னு போட்டு ஏலம் விடறப்ப இந்த பாக்கியும் சேந்துதான் உங்க தலைல விழும், அதனால ஏலம் கேக்கறதுக்கு முன்னாடி அந்த பழைய கனெக்ஷன் நம்பர வாங்கி நிலுவை என்னன்னு பாத்துடுங்க.

அடுத்து மாசாமாசம் வர்ற பில்லு. ஹெச்.டி. கனெக்ஷன்னா, அதாவது பெரிய லோடுக்கு குடுக்கற உயர் அழுத்த கனெக்ஷன்னா, மெஷின் ஓடினாலும் ஓடலன்னாலும் டிமாண்ட் சார்ஜ் (வாங்கி வெச்ச லோடுக்கு ஏத்த மாசக் கட்டணம்) வந்துகிட்டேதான் இருக்கும், அதனால பின்னாடி பெருசா பண்ணப்போறோம்னு இப்பவே பெரிய லோடு வாங்கி வெக்காதீங்க. 2023ல வந்த திருத்தப்படி 10 கிலோவாட்டுக்கு மேல போற வணிக, தொழில் கனெக்ஷனுக்கு நேரத்துக்கு ஏத்த கட்டணம்: பீக் நேரத்துல (எல்லாரும் அதிகமா கரண்டு இழுக்கற நேரம்) சாதாரண ரேட்ட விட குறைஞ்சது 1.2 மடங்கு, சூரிய ஒளி இருக்கற நேரத்துல குறைஞ்சது 20 சதவீதம் கம்மி. எந்த மணி பீக்குன்னு மாநில ஆணையம்தான் முடிவு பண்ணும். ஷிஃப்ட்ட பகலுக்கு நகர்த்த முடியற தொழிலுக்கு இது லாபம், ராத்திரி பகலா ஓடற ஸ்பின்னிங் மில்லுக்கு பெருசா ஒண்ணும் மிச்சமாகாது.

மின் வாரியத்துகிட்டதான் வாங்கணும்னு கட்டாயமும் இல்ல. முன்னாடி வெளிய இருந்து கரண்டு வாங்க 1 மெகாவாட் லோடாவது வேணும், 2022 ஜூன்ல வந்த பசுமை மின்சார விதிகள்ல அது 100 கிலோவாட்டா இறங்கிடுச்சு. காத்தாலை, சோலார் கரண்டுக்கு அப்ளை பண்ணா 15 நாளுக்குள்ள பதில் வரணும், வரலன்னா டெக்னிக்கல் தகுதி சரியா இருக்கற பட்சத்துல அனுமதி கிடைச்ச மாதிரியே கணக்கு. நாலு கம்பெனி சேந்து சொந்தமா ப்ளான்ட் போட்டா 26 சதவீத பங்கு உங்க பக்கம் இருக்கணும், வருஷத்துல உற்பத்தியாகறதுல 51 சதவீதமாவது நீங்களே செலவழிக்கணும், அப்பத்தான் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (மானிய ரேட்ல கரண்டு வாங்கறவங்களுக்கு ஈடுகட்ட, வெளிய இருந்து வாங்கறவங்ககிட்ட வசூலிக்கற கூடுதல் கட்டணம்) கிடையாது. இந்த சர்சார்ஜ கணக்குல சேக்காம ஏஜென்ட்டு சொல்ற யூனிட் ரேட்ட மட்டும் பாத்து கையெழுத்து போடறதுதான் ஆபத்து.

தண்ணிக்கு இந்த அளவுக்கு தெளிவான உரிமை எதுவும் இல்ல, அத நேராவே சொல்லிடறேன். அரசு என்ன கட்டி வெச்சிருக்கோ அதுதான். சென்னையில கோயம்பேடு, கொடுங்கையூர் ரெண்டு இடத்துலயும் கழிவு நீர சுத்திகரிச்சு தலா 4.5 கோடி லிட்டர் ஒரு நாளைக்கு தொழிற்சாலைகளுக்கு அனுப்பற ப்ளான்ட் 2019ல வந்துச்சு, மணலிக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பக்கத்துக்கும் அந்த தண்ணி போகுது. உள்ள வர்ற தண்ணிய மட்டும் பாத்தா பத்தாது, வெளிய போறது எங்க போகும்னும் பாக்கணும், நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலந்த விஷயத்துல 2011ல ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறைங்க மொத்தமா மூடினத அந்த ஊர்க்காரங்க யாரும் மறக்கல.

கடைசியா, சொன்ன நாள்ல கனெக்ஷன் வரல, அடிக்கடி கட் ஆகுது, பில்லு தப்புன்னா முதல்ல மின் வாரியத்தோட நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதுங்க, அங்க சரியாகலன்னா மின் குறைதீர்ப்பாளர் இருக்கார். புகார தீர்க்க அதிகபட்சம் 45 நாள்னு 2020 விதில இருக்கு. சில தவறுகளுக்கு நஷ்டஈடும் உண்டு, எதுக்கு எவ்வளவுன்னு உங்க மாநில ஆணையத்தோட சேவைத் தர விதிமுறைகள்ல போட்டிருக்கும். அப்ளிகேஷன் குடுத்த தேதி, பணம் கட்டின ரசீது, கரண்டு போன நேரம் வந்த நேரம் எழுதின நோட்டு, இது மூணும் இல்லாம போனா அங்க உங்க பேச்சு எடுபடாது.