மறையும் பட்டை எப்படித் திரும்பி வருகிறது?

காலையில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறினால், ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, இன்னொரு கையின் கட்டைவிரல் செய்தியைத் தள்ளிக்கொண்டே வரும். இரண்டு பத்தி போவதற்குள் மேலே இருந்த கருவிப்பட்டை (தேடல் பெட்டியும் பொத்தான்களும் இருக்கும் வரிசை) காணாமல் போய்விடும். பசார் செனி வந்ததும் விரலைக் கொஞ்சம் கீழே இழுத்தால் உடனே வந்துவிடும், அதுவும் எத்தனை பக்கம் தாண்டி வந்திருந்தாலும்.

இதற்குப் பின்னால் இருப்பது, பட்டை தன் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற ஒரே ஒரு எண்தான். ஆண்ட்ராய்டில் கருவிப்பட்டையின் வழக்கமான உயரம் 56 டிபி (டிபி என்பது திரையில் நீளத்தை அளக்கும் அலகு, ஒரு அங்குலத்தில் 160 டிபி, ஆக இது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர், இரண்டு வரி படிக்கிற இடம்). விரல் 20 டிபி மேலே போனால் பட்டையும் 20 மேலே போகும், கணக்கில் -20 என்று ஏறும். -56 வந்ததும் எண் அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் நீங்கள் ஆயிரம் டிபி தள்ளினாலும் அது -56தான். அதனால் எந்த இடத்தில் திரும்பினாலும் 56 இழுத்தால் போதும், பட்டை முழுசாக வந்துவிடும். இந்த வரம்பு மட்டும் இல்லையென்றால் தள்ளிய ஆயிரத்தையும் திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ரயில் குலுங்கும்போது விரலும் ஆடுமே? அதற்கும் ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டில் பொதுவாக 8 டிபிக்குக் குறைவான அசைவு, தள்ளுவதாகவே கணக்கில் சேராது. பாதியில் விரலை எடுத்துவிட்டால், எந்தப் பக்கம் நெருக்கமோ அந்தப் பக்கம் பட்டை போய் ஒட்டிக்கொள்ளும்படி செய்யலாம்.

திரை வினாடிக்கு 60 முறை மாறுகிறது என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவினாடி. அதற்குள் பட்டையின் உயரத்தைக் குறைத்து, கீழே உள்ள எழுத்தையெல்லாம் புதிதாக அளந்து அடுக்கினால் திக்கும். அதனால் படிக்கும் பகுதியை, பட்டை இல்லாத உயரத்துக்கு முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டு, இரண்டையும் நகர்த்த மட்டும் செய்கிறார்கள். 2014இல் ஐபோனின் ஐஓஎஸ் 8லும், 2015இல் கூகுளின் டிசைன் லைப்ரரியிலும் இது ஆயத்தமாகவே வந்துவிட்டதால் நிரலாளர் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியதில்லை.

ஆனால் கையால் எழுதி, ஸ்க்ரோலை மட்டுமே நம்பிய செயலிகள் இன்னும் இருக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அத்தை ஒருநாள் பில் கட்டும் செயலி ஒன்றைத் திறந்து, பட்டியலைக் கீழே வரை தள்ளிவிட்டு, "கட்டாதவை" என்பதைத் தொட்டார். மிஞ்சியது இரண்டே பில். "தம்பி, தேடுற பெட்டி எங்கடா போச்சு? இப்பதானே இருந்துச்சு!" இரண்டு வரிப் பட்டியல் திரைக்குள் அடங்கிவிட்டது, தள்ள இடமில்லை, தள்ளாமல் பட்டை வராது. அவர் இழுத்து இழுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் செயலியை மூடித் திறந்தோம். பட்டியல் மாறும்போதெல்லாம் அந்த எண்ணை 0க்குக் கொண்டுவரும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அத்தைக்கு அந்தப் பாடு இருந்திருக்காது. திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் ஓடும்போதும் அப்படித்தான், பட்டையை மறைக்கவே கூடாது. காதால் கேட்டு நடத்துகிறவருக்கு, மறைந்துபோன பொத்தான் இருந்ததே தெரியாது.