பொதிகை பழக்கிய கால்களும் பழகாத இரத்தமும்

பொதிகையில் ஏறிப் பழகியவனுக்கு இமயம் எவ்வளவு கடினமாக இருந்துவிடும் என்று அம்பாசமுத்திரம் பக்கத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் இருக்கும் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகை, கால்களைப் பழக்கும், இரத்தத்தைப் பழக்காது.

பாபநாசம் படித்துறையானாலும் எவரெஸ்ட் உச்சியானாலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் குறைவது காற்றின் அழுத்தம். பொதிகை உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம். 5,500 மீட்டரில் பாதி. எவரெஸ்டில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் பொதிகையில் நமக்குத் தலை சுற்றாததற்குக் காரணம் இரத்தத்தின் ஹீமோகுளோபின். கன்னடியன் கால்வாயில் நீர்மட்டம் சற்று இறங்கினாலும் மடை வழியே குளத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும்; மடையின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால்தான் வயல் காயும். ஹீமோகுளோபினும் அப்படித்தான். அழுத்தம் ஓரளவு குறையும்வரை ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். அழுத்தம் அந்த அளவுக்கும் கீழே போனால் அது பற்றிக்கொள்ளும் ஆக்சிஜன் சரசரவெனச் சரியும். ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல், ஆக்சிஜன் போதாமல் வரும் மலைநோய் தலைகாட்டத் தொடங்குகிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான் என்பதால், நம் பக்கத்து மலைகள் எதுவும் இந்தச் சோதனையை முழுமையாக வைப்பதில்லை.

மலைநோய் வரும் உயரத்தில் உடல் செய்வதெல்லாம் வியப்பானவை. முதலில் மூச்சு வேகமாகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூச்சு விடத் தூண்டுவதே பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான் என்பதால், தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, திணறலோடு மறுபடி தொடங்குகிறது. சிறுநீரகங்கள் இரத்தத்திலுள்ள காரப் பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்யச் சில நாட்களாகும். ஆக்சிஜன் குறைவதை உணர்ந்ததும் சில மணி நேரத்துக்குள் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆனால் அதன் பலனாகச் சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். செல்கள் இந்தக் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காகவே கெலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

யாரும் ஏறாத பாதை ஒன்றுக்கு உடலின் இந்த நிதானம்தான் பெரிய இடைஞ்சல். தெரிந்த பாதையில் முகாம்கள் இருக்கும். பகலில் மேலே ஏறி, இரவில் கீழே வந்து உறங்கலாம். புதிய பாதையில் அப்படி ஏறி இறங்க இடமிருக்காது. அதனால் வீரர்கள் முதலில் அருகிலுள்ள எளிய சரிவுகளில் உடலைப் பழக்கிக்கொண்டு, பிறகே அங்கே கால் வைக்கிறார்கள்.

பாகிஸ்தான் பக்கத்து இமயச் சிகரமான நங்கா பர்பத்தின் மசேனோ முகடு இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளம். வழியில் எட்டுச் சிகரங்கள். பெரும்பகுதி 7,000 மீட்டரை ஒட்டிய உயரம். நடுவில் ஒருவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் மருந்து, உடனே கீழே இறங்குவதுதான். அந்த முகட்டிலோ இறங்குவதற்கே இன்னொரு சிகரத்தில் ஏற வேண்டியிருக்கும். பல குழுக்கள் முயன்று திரும்பிய அந்த வழியாக 2012 ஜூலையில் சாண்டி ஆலன், ரிக் ஆலன் இருவரும் 8,126 மீட்டர் உச்சியை எட்டி, மறுபக்கத்துப் பாதையில் இறங்கினார்கள். மொத்தம் 18 நாட்கள். கடைசியில் உணவு தீர்ந்தது. அடுப்பைப் பற்றவைக்கவும் வழியில்லாமல் போனதால் பனியை உருக்கித் தண்ணீர் குடிக்க முடியவில்லை. சுற்றிலும் பனி கிடந்தும் தாகம்! வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சோடும் உடல் நீரை இழக்கிறது. பனியை அப்படியே தின்றால் அதை உருக்க உடல் தன் வெப்பத்தைச் செலவிட வேண்டும்.

இமயம் போக விரும்பும் நம் ஊர்க்காரர்கள் பயணத் திட்டத்தில் முதலில் நாட்களைக் கூட்டுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள்; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அங்கேயே நில்லுங்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் துணையோடு இறங்கிவிடுங்கள்.