முழங்கால் வலிக்குக் காரணம் இடுப்பு மூட்டாகவும் இருக்கலாம்

முழங்கால் வலி என்று வருபவரின் இடுப்பு மூட்டையும் சோதிக்காமல் அனுப்பக் கூடாது என்பது எலும்பு மருத்துவம் படிக்கத் தொடங்கும்போதே எங்களுக்குச் சொல்லித் தரப்படும் பாடம். இரண்டு மூட்டுகளுக்கும் செல்லும் நரம்புகளில் சில பொதுவானவை என்பதால், பழுது மேலே இருக்க, வலி கீழே தெரிவதுண்டு. ஆனாலும், கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் மிக எளிதாக விட்டுப்போகும் சோதனையும் இதுதான்.

லாரி ஓட்டும் நடுவயதுக்காரர் ஒருவர், ஜவ்வு தேய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள் என்று முழங்கால் எக்ஸ்ரே படங்களோடு வந்தார். வலி எங்கே என்று கேட்டதற்கு முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்துக் காட்டினார். மல்லாந்து படுக்க வைத்து, காலை மடக்கி உயர்த்தி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பும்போது தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்புறமாகச் சுழலும். பாதி தூரம்கூடத் திரும்பவில்லை, முகத்தைச் சுளித்தவர் கையை எடுத்துத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டார். சில மாதங்களாகவே அவர் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்காருவதில்லை என்று உடன் வந்த மனைவி சொன்னார். நோயைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு தகவலே பெரும்பாலும் போதும்.

அவருக்கு இருந்தது, ஏவிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அவாஸ்குலர் நெக்ரோசிஸ். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டு போகும் நாளங்கள் மெல்லியவை. அந்த ஓட்டம் தடைபட்டால் எலும்பு உள்ளுக்குள்ளேயே மடிந்து, உடலின் எடை தாங்காமல் நாளடைவில் அமுங்கிவிடுகிறது. தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பது, அளவுக்கு மீறிய மது, தொடை எலும்புக் கழுத்து முறிவு, இடுப்பு மூட்டு விலகல், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோயான சிக்கிள் செல் ரத்தசோகை ஆகியவை முக்கியக் காரணங்கள். எந்தக் காரணமும் தென்படாமலும் வருகிறது. விபத்தில் அடிபடாதவர்களுக்கு இது இரண்டு பக்கமும் வருவது சாதாரணம் என்பதால், வலிக்காத காலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். தலை அமுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிறிய அறுவை சிகிச்சையால் சொந்த மூட்டைக் காப்பாற்றப் பலருக்கு வாய்ப்புண்டு. அமுங்கி, வலியும் முற்றிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் சார்ன்லி முதலில் பொருத்திய டெஃப்லான் செயற்கை இடுப்புக் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போயின. 1962-இல் அவர் பாலிஎதிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகே இந்தச் சிகிச்சை நிலைபெற்றது. இன்றைய செயற்கை மூட்டுகளில் பெரும்பாலானவை 15 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கின்றன. எழுபது வயதுக்காரருக்கு அது போதுமானது. முப்பத்தைந்து வயதில் பொருத்திக்கொள்பவரோ இரண்டாவது அறுவை சிகிச்சைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். பத்து முதல் பதினாறு வயதுக்குள், குறிப்பாக உடல் பருமனான பிள்ளை, முழங்கால் வலி என்று நொண்டினால், தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருக்கலாம். தைலம் தேய்த்து நாள் கடத்தாமல், நடக்க விடாமல் தூக்கி வந்து இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஆஸ்துமா, சிறுநீரக நோய், எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்றவற்றில் அது உயிர் காக்கும் மருந்து. நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று விடுவது ஆபத்து. தொடை இடுக்கிலோ முழங்காலிலோ விடாத வலி இருந்தால், பழைய மருந்துச் சீட்டுகளையும், பெயர் தெரியாமல் மூட்டு வலிக்கு வாங்கிச் சாப்பிட்ட பொடி, மாத்திரைகளையும் மருத்துவரிடம் கொண்டு வந்து காட்டுங்கள்.