ஓமத் தண்ணீரில் போன நாலு மணி நேரம்

ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சைக் கரித்தது. இரண்டு மணிக்கு ஓமத் தண்ணீர். மூன்றரைக்குச் சுக்குக் கஷாயம். ஐந்து மணிக்கு என் எதிரே ஸ்ட்ரெச்சரில். வயது 52, எட்டு வருடமாகச் சர்க்கரை. "கேஸ்தான் டாக்டர், ராத்திரி பரோட்டா சாப்பிட்டாரு" என்ற மனைவியின் கையில், மிச்சக் கஷாயத்தோடு ஒரு தூக்குச்சட்டி. வியர்வையில் ஒட்டிப்போன பனியனில் ஓம வாசனை. இசிஜி காகிதம் பாதி வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது, இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. இந்த மாதம் இது மூன்றாவது.

ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். எக்கோவில் (இதய ஸ்கேனில்) பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, 35 சதவீதம்தான், இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

கஷாயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. இஞ்சி குமட்டலைக் குறைக்கும். குடல் இழுத்துப் பிடிப்பதைப் புதினா எண்ணெய் தளர்த்தும் என்பதற்கு ஆய்வுகளே உண்டு. கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் பெருங்காய மோர் குடிப்பவன்தான். என் சண்டையெல்லாம் 'வாயு' என்கிற அந்த ஒரு வார்த்தையோடு.

தோள்பட்டையில் வாயு, முதுகில் வாயு, தாடையில்கூட வாயு! குடலுக்குள் உண்டாகும் காற்று குடலுக்குள்தான் இருக்கும். பெரும்பாலும் வெளியேறுவது இரண்டு வழியில், மேலே ஒன்று, கீழே ஒன்று. அது தோலுக்கடியில் ஊர்ந்து இடது கைக்குப் போகாது. "ஏப்பம் வந்துச்சு, லேசாச்சு, அப்போ கேஸ்தானே?" இல்லை. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையின்) மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே இரைப்பை. மேலே இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்தால் கீழே குமட்டும், வாந்தி வரும், ஏப்பமும் வரும். பரோட்டா சாப்பிட்ட அன்று மாரடைப்பு வராது என்று யார் சொன்னது? சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் உப்புசமாகவும் இருக்கலாம். பெண்களுக்கும் சில நேரம் அப்படித்தான்.

நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ பிபியோ பீடி சிகரெட்டோ உள்ளவர், மேல்வயிறு அசௌகரியத்தோடு வியர்த்தால், மூச்சு வாங்கினால், கையோ தாடையோ கனத்தால் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே கிளம்ப வேண்டாம். கஷாயம் கொதிக்கும் நேரத்துக்குள் இசிஜி எடுத்து முடித்துவிடலாம். முதல் இசிஜி நார்மல் என்றாலும், இருந்து இன்னொன்று எடுக்கச் சொன்னால் தயவுசெய்து இருங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். அடிக்கடி நெஞ்செரிச்சல் வருபவருக்குப் புதினா டீ ஆகாது. உணவுக்குழாயின் கீழ்க் கதவைத் தளர்த்தி அமிலத்தை மேலே விட்டுவிடும். அதிமதுரத்தைத் தினமும் குடித்தால் பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஒருவருக்குப் பிபி மாத்திரையை மூன்றாக்கிய பிறகுதான், தினம் இரண்டு வேளை அதிமதுர டீ என்று வாயைத் திறந்தார். என்ன குடிக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பது வம்புக்கு இல்லை. மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ, எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ எந்தக் கஷாயமும் வேண்டாம், நேரே வாருங்கள்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். ஓமத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.