ரைம் என்றால் எதுகையா, இயைபா?

ஆங்கிலத்தில் 'ரைம்' என்று வந்தால் பெரும்பாலோர் யோசிக்காமல் 'எதுகை' என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய பிரெஞ்சின் 'ரிம்' வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இது. நெடுங்காலம் எச் எழுத்து இல்லாமல்தான் எழுதினார்கள். ஒழுங்கான அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ரித்மோஸ்' நினைவில் இருந்த கற்றோர், அதை ஒட்டி எழுத்துக்கூட்டலை மாற்றினார்கள். ரைமும் ரிதமும் ஒன்றோ என்ற குழப்பம் இன்றும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ரைம் என்பது என்ன? அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து சொல்லின் கடைசிவரை ஒலி ஒத்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். நைட், லைட் என்பதுபோல. இப்படிப்பட்ட சொற்கள் வழக்கமாக அடிகளின் முடிவில் வரும்.

நம் எதுகை அடியின் தொடக்கத்தில் வருவது. இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். முதலெழுத்துகள் அளவில் ஒக்க வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். திருக்குறளின் முதல் குறளில் 'அகர', 'பகவன்' இரண்டும் ககரத்தால் எதுகை. அடியின் கடைசியில் ஒலி ஒன்றினால் அதற்குத் தொல்காப்பியம் வேறு பெயர் வைத்திருக்கிறது: 'இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே.' இயைதல் என்றால் பொருந்துதல். பிற்கால யாப்பு நூல்கள் ஓரடிக்குள் வரும் இயைபைக்கூடக் கடைசிச் சீரிலிருந்துதான் எண்ணச் சொல்கின்றன.

ஆனாலும் குழப்பம் வருவதில் வியப்பில்லை. இந்த இரண்டு அடிகளைப் பாருங்கள்:

வயலெங்கும் ஆடுது நாற்று
வருடியே போகுது காற்று

நாற்று, காற்று என்ற சொற்களை மட்டும் தனியே எடுத்தால் அசல் எதுகை போலத்தான் தெரியும். ஆனால் அவை நிற்பது அடியின் முடிவில், அதனால் இயைபு. தொடக்கத்தில் உள்ள 'வ' இரண்டும் மோனை. இந்த அடிகளில் அடியெதுகை கிடையாது.

பிற மொழிகளையும் 'எந்த இடத்தில் ஒலி ஒன்றுகிறது' என்று பார்த்தால் எளிதில் பிடிபடும். பழைய ஆங்கிலக் காவியமான பெயோவுல்ஃப் முழுக்க மோனையால் நடக்கிறது. மங்கோலியக் கவிதையில் அடிகளின் தலையில் ஒலி ஒன்றும். கன்னடமும் தெலுங்கும் நம்மைப்போல் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே அதற்குப் பிராசம் என்று பெயர். மலையாளத்தில் இந்த இரண்டாம் எழுத்துப் பிராசம் கட்டாயமா என்று கவிஞர் கேரள வர்மாவுக்கும் அவருடைய உறவினர் ஏ.ஆர். ராஜராஜ வர்மாவுக்கும் இடையே பெரிய இலக்கியச் சண்டையே நடந்தது. ஓர் எழுத்துக்காக ஒரு தலைமுறைக் கவிஞர்கள் அணி பிரிந்து நின்றது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

அடியின் கடைசியில் ஒன்றுவதிலும் வகைகள் உண்டு. ஸ்பானியத்தில் உயிரொலிகள் மட்டும் ஒத்தாலே போதும் என்ற ஒரு வகை இருக்கிறது. உயிரியைபு என்று சொல்லலாம். சீனத்தில் எந்த எழுத்து எதனோடு இயையும் என்று காட்ட 601ஆம் ஆண்டிலேயே 'சியேயுன்' என்ற அகராதி தொகுத்துவிட்டார்கள். கஸீதா என்ற அரபு நெடும்பாடல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே இயைபில் ஓடும்.

அப்புறம் பாரசீகத்திலும் உருதுவிலும் எழுதப்படும் கஜல் என்ற கவிதை வடிவம். அதில் 'காஃபியா' என்ற ஒலியொத்த சொல் வரும். அதன் பின்னால் மாறாத ஒரு சொல்லோ தொடரோ ஒவ்வொரு கண்ணியிலும் திரும்ப வரும். அது 'ரதீஃப்', குதிரையில் பின்னால் அமர்ந்து வருபவர் என்று பொருள். அதே சொல் அப்படியே திரும்பி வந்தால் ஆங்கிலத்தார் அதை முழு ரைமாக ஏற்கத் தயங்குவார்கள். நம் இயைபுக்கு அந்தத் தயக்கம் இல்லை. கடைசியில் எழுத்து ஒன்றினாலும் இயைபு, சொல்லே ஒன்றினாலும் இயைபு. காஃபியா, ரதீஃப் இரண்டுக்கும் அதில் இடம் உண்டு.