பதினேழில் பதினான்கு தொழுவங்கள்

1989 ஆகஸ்டில் இஸ்ரேலின் பெதுயிம் கிராமத்தில் பசுக்களின் தோலில் கட்டிகள் கிளம்பின. 37 நாளுக்குள், அந்த ஊரின் 17 பால் பண்ணைகளில் 14-ல் தோல் கழலை நோய். அதற்கு முன் அந்த நாடு இந்த நோயைப் பார்த்ததே இல்லை. எங்கிருந்து வந்தது?

துப்புத் துலக்குவது நாள் கணக்கில்தான் தொடங்கும். கட்டி தெரிந்த நாளும் கிருமி புகுந்த நாளும் ஒன்றல்ல. இடையில் நான்கு வாரம்கூட ஓடியிருக்கும். அதனால் போன மாதம் எந்தச் சந்தையில் மாடு வாங்கினீர்கள், தொழுவத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்புறம் பக்கத்து ஊர், பக்கத்து நாடு. எகிப்தில் 1988-லேயே இந்த நோய் இருந்தது. அங்கிருந்து காற்றோடு வந்த கடி ஈக்கள்தான் கிருமியைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

ஈயால் அது எப்படி முடியும்? மாடு நின்ற இடத்திலேயே காலை உதறி உதறி மிதித்தால், குனிந்து முழங்காலுக்குக் கீழே பாருங்கள். வீட்டு ஈ போலவே இருக்கும், ஆனால் வாய் மட்டும் ஊசி போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கடி சுருக்கென்று வலிப்பதால் மாடு உதறும். ஈ அரை வயிற்றோடு எழுந்து, மிச்சத்தை அடுத்த மாட்டில் குடிக்கும். கிருமி ஈயின் உடம்புக்குள் பெருக வேண்டியதில்லை. வாயில் ஒட்டியிருப்பதே போதும். ரத்தத்தைவிடக் கட்டியில் கிருமி அதிகம் என்பதால், கட்டியின் மேல் கடித்த ஈதான் ரொம்ப ஆபத்தானது.

பெதுயிமில் சந்தேகம் இன்னொரு பக்கமும் போனது. ஊருக்குள் பரவியதில், மாடுகளுக்குச் சிகிச்சை தந்த கால்நடை மருத்துவருக்கும் பங்கிருக்கலாம் என்று ஆய்வு சொன்னது. ஈயின் வாய் செய்யும் அதே வேலையை மாற்றாத ஊசியும் செய்யும். இந்த விசாரணையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். காற்றை யாராலும் நிறுத்த முடியாது. மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றச் சொல்லி நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இஸ்ரேல் அன்று நோயுற்ற மாடுகளையும் உடன் நின்றவற்றையும் கொன்று நோயை ஒழித்தது. இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டி, 2022-ல் குஜராத்தையும் ராஜஸ்தானையும் உலுக்கியபோது அந்த வழிக்கு இடமில்லை. கையிலிருந்த ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் மாடுகளுக்குப் போட்டார்கள். இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு என்பதால், ஒன்றுக்கான ஊசி மற்றதையும் ஓரளவு தடுத்தது.